சின்னப் பள்ளிக்கூடத்தில் கலையும் கூட்டு வாழ்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொத்தமே 40 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். படம், பாட்டு, நாடகம் பற்றிப் புதிதாக வரும் ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பிள்ளையின் தாளில் பெரியவர் கை படக் கூடாது என்பது இந்தப் பதில்களில் திரும்பத் திரும்ப வரும். அதைக் கடைப்பிடிப்பது எங்கெல்லாம் கஷ்டம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தனி ஓவிய ஆசிரியரோ பாட்டு ஆசிரியரோ இல்லாமல் கலை வகுப்பு நடத்த முடியுமா?

முடியும். சின்னப் பள்ளியில் வகுப்பாசிரியருக்கு எல்லாப் பிள்ளைகளையும் தெரியும். யாருக்கு நேற்று காய்ச்சல், யார் வீட்டில் தம்பி பிறந்திருக்கிறான், யாருக்கு நாலு பேர் முன்னால் வாயே வராது என்பதெல்லாம் மனப்பாடம். வாரம் ஒரு முறை வந்துபோகும் சிறப்பாசிரியருக்கு இது கிடைக்காது.

வேண்டியது யாரும் பறித்துக்கொள்ள முடியாத நேரம். வாரக் கடைசியில் கடைசிப் பாடவேளை என்று போட்டால், பாதி வாரங்கள் அது விட்டுப்போன கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். நாங்கள் செவ்வாய் காலை முதல் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் வண்ணம் கரைக்கவும் கழுவவுமே சரியாக இருக்கும்.

எனக்கே வரையத் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தெரியாதது ஒருவிதத்தில் நல்லது. எனக்கு ஓரளவு வரைய வரும். வேலைக்கு வந்த புதிதில் அதனாலேயே ஒரு தப்பு செய்தேன். ‘மழை நாள்’ என்று தலைப்பு கொடுத்துவிட்டு, எப்படித் தொடங்குவது என்று காட்டுவதற்காகக் கரும்பலகையில் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு மரம், நடுவில் ஒரு குடை வரைந்தேன். தாள்களை வாங்கிப் பார்த்தால் 17 தாளிலும் அதே வீடு, வலப்பக்கம் அதே மரம். அவசரத்தில் நான் முடிக்காமல் விட்டிருந்த கூரைக் கோட்டைக்கூடப் பிள்ளைகள் அப்படியே பாதியில் விட்டிருந்தார்கள். வரையத் தொடங்குவதற்கு முன்பு ஒரு பையன், தன் வீட்டுக் கூரை ஒழுகியதையும், வாளி வைத்ததையும், அது ராத்திரி முழுக்க ‘டொக் டொக்’ என்று சத்தம் போட்டதையும் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தாளில் வாளி இல்லை.

அன்றிலிருந்து கலை வகுப்பில் பலகையில் வரைவதில்லை. அதற்குப் பதில் கேள்வி கேட்கிறேன். மழை வரும்போது நீ எங்கே இருந்தாய்? கூட யார் இருந்தார்கள்? தரை எப்படி இருந்தது, காலில் என்ன ஒட்டியது? ஐந்து நிமிடம் இப்படிப் பேசிவிட்டுத் தாளைக் கொடுத்தால் போதும். ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவிய ஆசிரியர் 1897-இல் வியன்னாவில் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஓவிய வகுப்பைத் தொடங்கினார். பெரியவர்கள் வரைந்ததைப் பார்த்து வரைய வைப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். பிள்ளைகளுடைய படங்களுக்கென்று ஒரு தனிப் போக்கு இருக்கிறது, அதைத் திருத்தாமல் வளரவிட வேண்டும் என்று அவர் நடத்திக்காட்டினார். அவர் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் இன்னும் பலகையில் அதே வீட்டை வரைந்துகொண்டிருக்கிறோம்.

என் பிள்ளை என்ன வரைந்திருக்கிறாள் என்றே புரியவில்லை. வயதுக்கு ஏற்ற மாதிரிதான் வரைகிறாளா?

ரோடா கெல்லாக் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் சின்னஞ்சிறு பிள்ளைகளின் படங்களை லட்சக்கணக்கில் சேர்த்து, கிறுக்கல்களிலேயே 20 அடிப்படை வகைகள் இருப்பதாக வரிசைப்படுத்தினார். கிறுக்கலுக்கும் ஒரு வளர்ச்சி உண்டு. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதிய பகுப்பு இன்றும் ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கிறது. ஏறக்குறைய 2 முதல் 4 வயது வரை கிறுக்கல். 4 முதல் 7 வரை தலையிலிருந்தே கைகால் முளைக்கும் மனிதர்கள் வருவார்கள், பொருள்கள் தாளில் மிதக்கும். 7 முதல் 9 வரை கீழே ஒரு தரைக்கோடு வந்துவிடும், எல்லாம் அதன்மேல் நிற்கும். வீட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள். இதெல்லாம் தப்பு இல்லை. அந்த வயதில் பிள்ளை கண்ணில் பட்டதை அல்ல, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வயதுக் கணக்கு சற்று முன்பின் ஆகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை அளக்க வேண்டாம்.

முக்கியமானது பெரிதாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மாவை வரைந்தான். வலது கை தாளின் விளிம்புவரை நீண்டு, அங்கிருந்து மடங்கி மேலே போனது. இடது கை ஒரு சின்னக் குச்சி. “கை ஏன்டா இவ்வளவு நீளம்?” என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “இதைப் பற்றிச் சொல்லேன்” என்றேன். “அம்மா மரத்துல மாட்டுன பந்தை எடுக்கறாங்க டீச்சர்” என்றான். அப்புறம்தான் மூலையில் பச்சைக் கிறுக்கலுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதைக் கவனித்தேன். வேலை செய்கிற கை நீளும். சும்மா இருக்கிற கைக்கு எதற்கு நீளம்?

‘இது என்ன?’ என்று கேட்டால் பிள்ளை தேர்வு எழுதுவது போலப் பயப்படும். ‘இதைப் பற்றிச் சொல்லு’ என்றால் கதை வரும்.

வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கிக்கொடுக்கலாமா?

கொடுக்கலாம். விரலுக்குப் பழக்கமாகும், மழை நாளில் பொழுதும் போகும். ஆனால் கோட்டுக்குள் நிரப்புவதும் வரைவதும் வேறு வேறு வேலை. வெற்றுத் தாளுக்கு அது மாற்றாகாது.

நான்காம் வகுப்புக்கு வந்ததும் “எனக்கு வரைய வராது” என்று நிறுத்திவிட்டான். என்ன செய்வது?

இது ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. 9 வயதுக்கு மேல் கண் கூர்மையாகிவிடும், கை அந்த வேகத்துக்கு வராது. தன் படம் நிஜம் மாதிரி இல்லை என்று முதன்முதலாகப் பிள்ளைக்கே தெரிகிறது. இந்த இடத்தில் ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சமாதானம் சொன்னால் எடுபடாது. அது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

இந்த வயதில் மட்டும் நான் நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். அதுவும் அவன் தாளில் இல்லை, பக்கத்தில் வேறொரு தாளில். எங்களுக்கு நன்றாகப் பலித்தது ஷூ வரைவது. ஒற்றை ஷூவைக் கழற்றி மேசைமேல் வைத்து, தாளைப் பார்ப்பதைவிட ஷூவையே அதிக நேரம் பார்த்துக்கொண்டு வரைய வேண்டும். எத்தனை துளை, நாடா எந்தத் துளைக்குள் புகுந்து எதில் வெளியே வருகிறது, குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? ‘வராது’ என்று சொன்ன பெண் ஒருத்தி 40 நிமிடம் தலை நிமிராமல் வரைந்தாள். நாடாவின் நுனியில் பிளாஸ்டிக் உறை கழன்று நூல் பிரிந்திருந்தது. அந்த நூல் பிரிகள் அத்தனையும் அவள் படத்தில் இருந்தன.

பென்சிலே பிடிக்காது என்கிற பிள்ளைக்குக் களிமண், அச்சு, பொம்மலாட்டம் என்று வேறு கதவுகள் உண்டு.

பரிசும் போட்டியும் வைத்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வராதா?

அன்றைக்கு வரும். அடுத்த மாதத்தைப் பாருங்கள்.

இது குறித்து 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எல்லா ஆசிரியர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. வரைவதில் முன்பே ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்ததும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் ஸ்கெட்ச் பேனாக்களைப் பரப்பிவைத்து, யார் தானாக வந்து வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசு கிடைக்கும் என்று தெரிந்து வரைந்த பிள்ளைகள், மற்ற இரு குழுப் பிள்ளைகளைப் போலப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். பரிசுக்காக வரைந்த அன்றைய படங்களும் தரத்தில் குறைவு என்றே மதிப்பிடப்பட்டன. எதிர்பாராமல் கிடைத்த பரிசு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஆசையைக் கெடுத்தது ‘செய்தால் தருவேன்’ என்ற பேரம்தான்.

எங்கள் பள்ளியில் ஓவியப் போட்டியை நிறுத்திவிட்டோம். சில பெற்றோருக்கு வருத்தம், அது எனக்குப் புரிகிறது. இப்போது எல்லோருடைய படமும் சுவரில் வருகிறது. தலைமை ஆசிரியரின் கண்ணுக்கு நேராக இல்லை, முதல் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக. எந்தப் படத்தை ஒட்டுவது என்பதை வரைந்தவரே முடிவு செய்கிறார். ஒட்ட வேண்டாம் என்றால் அதற்கும் உரிமை உண்டு.

வாத்தியம் எதுவும் இல்லை. பாட்டு வகுப்பு எப்படி நடத்துவது?

குரலும் கையும் போதும். ஹங்கேரியில் ஸோல்தான் கோடாய் என்ற இசையமைப்பாளர், பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் தன் முறையைப் பாட்டிலிருந்துதான் கட்டினார், வாத்தியம் பிறகு. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப் என்ற இசையமைப்பாளர் பேச்சு, கைத்தட்டு, கால்தாளம் ஆகியவற்றிலிருந்து தொடங்கினார். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த சைலஃபோனில் (கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) கட்டைகளைக் கழற்றிவிடலாம். வேண்டாத சுரங்களை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் வைப்பார். நம் மோகன ராகத்தின் ச, ரி, க, ப, த மாதிரி. இந்த ஐந்தில் எதை எதனோடு தட்டினாலும் காதைக் குத்தாது. அதனால் ஆறு வயதுப் பிள்ளைகூடப் பத்துப் பேரோடு சேர்ந்து தைரியமாக வாசிக்கலாம்.

பெரியவர்கள் தங்கள் வசதிக்குக் கீழ்ச் சுருதியில் தொடங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது எட்டாது, தொண்டையில் உறுமுவார்கள். கொஞ்சம் மேலே எடுத்துப் பாருங்கள், அதே பிள்ளைகள் தெளிவாகப் பாடுவார்கள். ஆண் ஆசிரியர் குரல் ஒரு ஸ்தாயி கீழே இருப்பதால் சிறுசுகள் குழம்பும். அப்போது சரியாகப் பாடும் ஒரு பிள்ளையை முதலில் பாடச்சொல்லி மற்றவர்களைப் பின்பற்றவிடலாம்.

சுருதி சேராத பிள்ளையை ‘நீ வாயை மட்டும் அசை’ என்று சொல்லிவிடாதீர்கள். நான் படித்த பள்ளியில் எனக்கு அப்படிச் சொன்னார்கள். எட்டு வயது. அதற்கப்புறம் ஆசிரியர் வேலைக்கு வரும்வரை நான் யார் முன்னாலும் பாடியதில்லை. சுருதி பெரும்பாலும் கேட்டுக்கேட்டு வருவதுதான். அந்தப் பிள்ளையை நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் நிறுத்துங்கள், மாதக்கணக்கில் காத்திருங்கள்.

பாட்டு கேட்டால் மூளை வளரும், கணக்கு நன்றாக வரும் என்கிறார்களே?

1993-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. மொசார்ட் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்கள், உருவங்களை மனதிலேயே மடித்தும் திருப்பியும் பார்க்கும் புதிர் ஒன்றில் சற்றுக் கூடுதலாகச் செய்தார்கள், அதுவும் 10, 15 நிமிடத்துக்கு மட்டும். பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வே இல்லை அது. கணக்குக்காகப் பாட்டு என்று பேசத் தொடங்கினால், கணக்கு மதிப்பெண் ஏறாத வருடம் பாட்டை எடுத்துவிடுவார்கள். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு, விளையாட்டோடு சேர்த்துக் கலையிலும் பண்பாட்டு வாழ்விலும் பங்கேற்கும் உரிமையைச் சொல்கிறது. பிள்ளைக்குப் பாட உரிமை உண்டு. வேறு காரணம் வேண்டாம்.

ஆண்டு விழா நாடகத்தில் என் பிள்ளைக்கு ஏன் சின்ன வேஷம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய பள்ளியில் நன்றாகப் பேசும் 15 பேரைப் பொறுக்கி எடுப்பார்கள், மற்றவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்களிடம் பொறுக்க ஆள் இல்லை, 40 பேரும் வேண்டும். அது எங்களுக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் 40 பேருக்கும் சமமான வசனம் வரும்படி ஒரு கதையை நான் உட்கார்ந்து எழுதினால் அது உயிரில்லாமல் போகும். எழுதியும் பார்த்துவிட்டேன்.

இப்போது வேறு வழியில் செய்கிறோம். விழாவுக்கு ஆறு வாரம் முன்பு ஒரு சூழ்நிலையை மட்டும் கொடுப்போம். ஊருக்கு ஒரே ஒரு கிணறு, அதன் கயிறு காணாமல் போய்விட்டது. பிள்ளைகள் குழுவாகப் பிரிந்து நடித்துப் பார்ப்பார்கள். யார் எடுத்தது, ஏன் எடுத்தார், ஊர் என்ன சொல்லும்? அவர்கள் வாயில் வந்த வசனங்களைப் பெரிய பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தானே சொன்ன வசனத்தைப் பிள்ளை மறப்பதில்லை. மனப்பாடத்துக்காகக் கத்த வேண்டியதும் இல்லை. முதல் வகுப்புக்காரர்கள் ஊர்ச் சனமாக ஒன்றாக வந்து ஒரே குரலில் பேசுவார்கள். ஒருவர் மறந்தாலும் மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள்.

மேடை என்றாலே அழுகிற பிள்ளைகள் வருடத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். ஒரு வருடம் அப்படி ஒரு பையனிடம் திரைக்குப் பின்னால் ஒரு தகரத் தகட்டைக் கொடுத்து, இடிச் சத்தம் அவன் பொறுப்பு என்றோம். மூன்று வாரம் அந்தத் தகட்டோடு வாழ்ந்தான். மெதுவாக ஆட்டினால் தூரத்து இடி, முழங்காலில் மோதினால் பக்கத்து இடி என்று அவனே கண்டுபிடித்தான். விழா அன்று இடி வந்தபோது முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. திரை இடுக்கில் அவன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெருமை! அது சின்ன வேஷமா என்று அவன் அம்மாவிடம் கேட்டால் தெரியும்.

வேஷத்துக்குப் புதுத்துணி தைக்கச் சொல்வதில்லை. தோளில் ஒரு துண்டு போட்டால் கிழவர். மீதியைப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கைப்பேசியில் படம் எடுக்க ஒருவரை மட்டும் நியமிக்கிறோம். பிள்ளை மேடையிலிருந்து தேடுவது அப்பா அம்மாவின் முகத்தை, கைப்பேசியின் முதுகை அல்ல.

பெற்றோரும் ஊராரும் எப்படி உதவலாம்?

வாருங்கள், கட்டாயம் வாருங்கள். தண்ணீர் தூக்க, அட்டை வெட்ட, பழைய துணியில் பொம்மை தைக்க ஆள் வேண்டும். உங்களுக்குத் தச்சு வேலையோ தையலோ தெரிந்தால் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து செய்தாலே போதும், பாடம் நடத்த வேண்டாம். வயதானவர்கள் வந்து தங்கள் சிறுவயதுப் பாட்டையும் விளையாட்டையும் சொல்லிக்கொடுக்கலாம்.

கஷ்டமான இடம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதுதான். ஒட்டிய காது கோணலாக இருக்கிறது, நம் கை தானாகப் போய் நிமிர்த்திவிடும். அதைக் குறை சொல்ல மாட்டேன், பாசத்தில் செய்வதுதான். ஆனால் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ‘நீங்களே செய்யுங்க’ என்று நகர்ந்துவிடும். அதனால் உதவ வருபவர்களுக்கும் ஒரு தாள் கொடுத்துவிடுகிறோம். கை பரபரத்தால் அதில் வரையலாம்.

வகுப்பு இதழ் நடத்துவதால் என்ன பயன்?

செலஸ்தேன் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் முதல் உலகப் போரில் நெஞ்சில் குண்டடிபட்டவர். நுரையீரல் பாதிக்கப்பட்டதால் வகுப்பில் நெடுநேரம் பேச முடியாது. 1924-இல் தன் சின்னக் கிராமப் பள்ளிக்கு ஒரு சிறிய அச்சு இயந்திரம் வாங்கினார். பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் பார்த்துவந்து எழுதியதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். நாட்டின் மறுகோடியில், பிரிட்டனியில் இருந்த ஒரு பள்ளிப் பிள்ளைகளோடு அவற்றைப் பரிமாறிக்கொண்டார்கள்.

எங்களுடையது மாதம் நாலு பக்கம், ஜெராக்ஸ்தான். படிக்க நிஜமான ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் பிள்ளை எழுதுவதே மாறிவிடுகிறது. எழுத்துப் பிழைகளை நான் திருத்துவதில்லை. ஒட்டுவதற்கு முன்பு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து படித்துப்பார்த்து அவர்களே திருத்துவார்கள். தப்பித்துப்போகும் ‘ர’வும் ‘ற’வும் தப்பித்தே போகட்டும்.

சின்ன அசைவுகளுக்குக்கூடக் கஷ்டப்படும் பிள்ளை, சத்தம் தாங்காத பிள்ளை எப்படிச் சேர்வது?

பிரஷின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். தாளை நாலு மூலையிலும் மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். இடதுகைப் பிள்ளைக்கு இடதுகைக் கத்தரிக்கோல் வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோல் அவர்கள் கையில் வெட்டாமல் தாளை மடிக்கும், நாம் அவர்களைச் சோம்பேறி என்போம். சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பாட்டு வகுப்பில் கதவோரம் இடமும், வெளியே போய்வரும் உரிமையும் கொடுங்கள்.

தரை, சுவர், சட்டை எல்லாம் பாழாகிறதே?

அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுவிட்டால் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என நாலு வண்ணம் மட்டும் வைக்கிறோம். பச்சையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வண்ணத்தைப் புட்டி மூடியில் கொஞ்சமாக ஊற்றுங்கள், கவிழ்ந்தாலும் மூடி அளவுதான் கவிழும். கழுவ இரண்டு வாளி, முதலாவது அழுக்குக்கு. பிரஷை மயிர் கீழே இருக்கும்படி தண்ணீரில் நிறுத்தினால் வளைந்துபோகும். படுக்கப்போட்டுக் காயவையுங்கள்.

களிமண் காயும்போது சுருங்கும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் விரிசல் விடும். யானைக்குத் தும்பிக்கை ஒட்டும்போது இரண்டு பக்கமும் கீறி, களிமண்ணைத் தண்ணீரில் கூழாகக் குழைத்துத் தடவி அழுத்த வேண்டும். சும்மா ஒட்டிய தும்பிக்கை மறுநாள் காலை மேசையில் கிடக்கும், பிள்ளை அழும்.

துடைப்பது பிள்ளைகள் வேலை. கடைசி 15 நிமிடம் அதற்கே.

வீட்டில் குவியும் படங்களை எல்லாம் வைத்துக்கொள்ள முடியுமா?

எல்லாவற்றையும் வைக்க இடம் இருக்காது. பிள்ளைக்குத் தெரியாமல் எறிவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாதம் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்து, எவை இருக்கட்டும் என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது எடுக்கிற படம் உங்களுக்குப் பிடித்ததாக இருக்காது, பரவாயில்லை.

பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டைக் கோப்பு உண்டு. ஐந்தாம் வகுப்பு முடிந்து போகும்போது கையில் கொடுத்துவிடுவோம். போன வருடம் ஒரு பெண் முதல் வகுப்புப் படத்தை எடுத்தாள். முழுக்க நீலம், நடுவில் ஒரு பழுப்பு வட்டம். திருப்பிப் பார்த்தால் என் கையெழுத்தில் அவள் அன்று சொன்னது இருந்தது: ‘இது நாய்க்குட்டி, தண்ணீர் குடிச்சு முடிச்சுருச்சு.’ தரையிலேயே உட்கார்ந்து அதைத் தன் தம்பிக்குப் படித்துக்காட்டினாள்.

அதனால் வீட்டிலும் படத்தின் பின்பக்கம் தேதியையும் பிள்ளை சொன்ன வார்த்தையையும் எழுதிவையுங்கள். பென்சிலால், லேசாக. பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.